கம்ப்ரசர் ஷெட்டில் ஒரு பச்சைப் புள்ளி

துறைமுகத்துக்கு மேற்கே அந்தத் தனியார் நிலக்கரி யார்டில் புது ஷூ வந்தபோது லிங்கராஜுக்குத் தலைகால் புரியவில்லை. கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து கன்வேயர் பெல்ட்டை ஓட்டுவதும் நிறுத்துவதும் அவன் வேலை. ஷூவின் அடியில் ஒரு பீசோ தகடு இருந்தது. மிதிபட்டாலும் அதிர்ந்தாலும் அதில் மின்சாரம் பிறக்கும். பேட்டரி கிடையாது, சார்ஜ் போடும் தொல்லையும் இல்லை. ஆள் நடக்க நடக்க, அவன் இருக்கிற இடத்தில் லிங்கராஜின் திரையில் ஒரு பச்சைப் புள்ளி மினுங்கும். புள்ளி தெரியாத ஆளை வாக்கிடாக்கியில் கூப்பிட்டுக் கேட்காமல் பெல்ட்டைப் போடக் கூடாது.

வீட்டில் பெருமையடித்துக்கொண்டான். "ஒந் தம்பி எங்கன நிக்கான்னு இருந்த இடத்துலயே சொல்லிருவேன்."

மனைவி இசக்கிசெல்வி நிறைமாதக்காரி. தாய் தகப்பன் இல்லாத தம்பி செந்தூர்வேலை அவள்தான் வளர்த்து ஆளாக்கினாள். அவனுக்கும் அதே யார்டில்தான் வேலை. பெல்ட்டுக்குக் கரி இறங்கும் தொட்டியில் அடைப்பு எடுப்பான்.

அக்காவுக்குச் சுகப்பிரசவம் ஆகவேண்டும் என்று செந்தூர்வேல் திருச்செந்தூர் முருகனுக்கு மாலை போட்டான். வினை அதில்தான் வந்தது. மாலை போட்டவன் செருப்பு மிதிக்க மாட்டான். தார் ரோடு கொதித்தாலும் வெறுங்காலோடுதான் நடப்பான். கம்பெனிக்காரனுக்கு இதெல்லாம் எங்கே புரியப் போகிறது? ஷூ இல்லாதவனை கேட்டிலேயே நிறுத்தினார்கள்.

"கேட்டுல மட்டும் மாட்டிக்கிடுலே. உள்ள வந்து கழத்திப் போட்டுரு," என்று யோசனை சொன்னதே லிங்கராஜ்தான்.

"புள்ளி தெரியாதே அத்தான்?"

"நான் வாக்கியில கூப்பிட்டுக்கிடுதேன்."

முதல் நாள் அப்படியே ஓடியது. மறுநாள் ஃபோர்மேன் ஜீவமணி திரையைப் பார்த்துவிட்டார். நேரே தொட்டிக்குப் போய் எல்லோர் முன்னாலும் கத்தினார். "இன்னொரு தடவ ஒம் புள்ளி அணைஞ்சிச்சுன்னா வீட்டப் பாத்துப் போயிரு."

அடுத்த நாள் காலையில் செந்தூர்வேலின் புள்ளி, அடைப்பு இல்லாத நேரம் ஆட்கள் ஒதுங்கும் கம்ப்ரசர் ஷெட்டில் ஜோராக மினுங்கியது. பயலுக்குப் புத்தி வந்துவிட்டது, ஷூவைப் போட்டுவிட்டான் என்று லிங்கராஜ் நினைத்தான். விரதம் கெட்டதே என்று கொஞ்சம் வருத்தம். ஆனாலும் மனசு லேசானது.

மத்தியானம் தொட்டி அடைத்து பெல்ட் நின்றது. கொஞ்ச நேரத்தில் கரி இறங்கத் தொடங்கியது. "கப்பல் காத்துக் கெடக்கு, போடுலே," என்றார் ஜீவமணி. லிங்கராஜ் திரையைப் பார்த்தான். தொட்டியில் ஒரு புள்ளியும் இல்லை; அடைப்பை எடுத்துவிட்டு எல்லோரும் வெளியேறிவிட்டார்கள் என்று நினைத்தான். மச்சினன் புள்ளி கம்ப்ரசர் ஷெட்டில் பத்திரமாக இருந்தது. சங்கை ஊதிவிட்டு பொத்தானை அமுக்கினான்.

தொட்டிக்குள் நிற்கிறவன் ஏணி ஏறி வெளியே வர அந்தச் சங்கு ஊதும் நேரம் போதாது. "நிறுத்து, வேலு உள்ள நிக்கான்," என்று அவனோடு அடைப்பு எடுக்கும் முத்துமணி வாக்கியில் அலறியபோது கரி அவனை இழுத்து மூடியிருந்தது. வெளியே எடுத்தபோது மூச்சு இல்லை. துளசிமாலை அறுந்திருந்தது. கால் வெறுங்கால்.

முத்துமணி தலையில் அடித்துக்கொண்டு அழுதான். "கடப்பாரை எடுக்கப் போனேன், அதுக்குள்ள போச்சே. ஷூவ கம்ப்ரசர் மேடையில வச்சிருந்தான். மிஷின் ஆடுத ஆட்டத்துல ஆளு நடக்க மாதிரி காட்டும்னான். அத்தான்ட்ட சொல்லாத, தெரிஞ்சா அவருக்கும் வேல போயிரும்னான்."

ஆம்புலன்ஸ் போன பிறகு, போலீஸ் வரும்வரை லிங்கராஜைக் கண்ட்ரோல் ரூமில் உட்கார வைத்திருந்தார்கள். செல்போன் அடித்தது. இசக்கிசெல்வி.

"தம்பி போனை எடுக்க மாட்டேங்கான். விரதச் சாப்பாடு ஆறிப்போவுது. எங்கன நிக்கான்னு திரையில பாத்துச் சொல்லுங்க."

லிங்கராஜ் நிமிர்ந்து பார்த்தான். கம்ப்ரசரை யாரும் நிறுத்தியிருக்கவில்லை. செந்தூர்வேலின் புள்ளி அங்கேயே மினுங்கிக்கொண்டிருந்தது.

"என்னங்க, நடமாடிக்கிட்டுத்தான இருக்கான்?"

"ஆமா," என்றான். வாயில் அதுதான் வந்தது.

போனை வைத்துவிட்டு கம்ப்ரசர் ஷெட்டுக்கு ஓடினான். மேடையில் இரண்டு ஷூவும் ஜோடியாக அதிர்ந்துகொண்டிருந்தன. சுவிட்சில் கையை வைத்தான். பாவி மனுஷனுக்கு அதை அணைக்க மட்டும் கை வரவில்லை.