ஷெர்காஸியின் இரத்தம்

சைகலுக்குக் காலையிலிருந்தே கால் தரையில் பாவவில்லை. நாரின் நகர மருத்துவமனையில் நர்சுகளுக்கு நடந்த பயிற்சியில் அன்றுதான் கடைசித் தேர்வு. தேறினால், கணவாய்க்கு அந்தப் பக்கம் இருக்கும் அவள் ஊரிலேயே இரத்தம் எடுக்கலாம், குளுக்கோஸ் ஏற்றலாம். தவறினால் இந்தக் குளிர்காலமும் நோயாளிகளைப் பனியில் வண்டியேற்றி அனுப்ப வேண்டியதுதான். போன வருடம் பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி பாதி வழியில் மயங்கிப்போனது இன்னும் அவள் கண்ணுக்குள்ளேயே நின்றது.

ஊசி குத்திப் பழகிய ரப்பர் கை குத்துப்பட்டே சல்லடையாகிவிட்டதால் தேர்வுக்கு உயிருள்ள கைகள். மருத்துவமனை ஓட்டுநர், காவலாளி, கொதிகலனுக்குக் கரி அள்ளுகிறவர் மூவரும் சட்டையை மடித்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

முதலில் போன சக நர்ஸ் ஜூரா பம்பரமாய்ச் சுழன்றாள். இரத்தம் பிடிக்கும் குழாயில் ஒட்டியிருந்த பெயரைப் படித்து, "அஸில்பெக் அண்ணன்தானே?" என்றாள். எதிரே உட்கார்ந்திருந்தவர் தலையாட்டினார். ஒரே குத்தில் இரத்தம். தேர்வு நடத்திய குல்பாரா மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.

அடுத்தது சைகல். அவளுக்குக் கரிக்காரர். குழாயை எடுத்ததும் திக்கென்றது. அதில் இருந்த பெயர் ஷெர்காஸி. அவள் மாமனார் பெயர். எங்கள் பக்கத்து மருமகள் எவளாவது அதை வாயால் சொல்வாளா? அதே பெயருள்ள கடைக்காரரைக்கூட சைகல் 'மாவுக்கடைக்காரர்' என்றுதான் சொல்வாள்.

"சொல்லித் தொலையேண்டி," என்று ஜூரா கிசுகிசுத்தாள். "உன் மாமனாரா இங்க வந்து உக்காந்திருக்காரு?"

"வாய்ல வரமாட்டேங்குதுடி."

"அப்ப சர்டிபிகேட்டும் வராது."

பெயர் கேட்காமல் ஊசியைத் தொட்டாலே தோல்வி. சைகலுக்குச் சட்டென்று ஒரு வழி தோன்றியது.

"ஐயா, உங்க பேரை நீங்களே சொல்லுங்க."

"துர்துபெக்," என்றார் கரிக்காரர்.

சைகல் குழாயைக் கீழே வைத்தாள். "அக்கா, இது இவரோட குழாய் இல்ல."

குல்பாராவின் முகம் மலர்ந்தது. தேர்வுக்கு முந்திய தேநீர் இடைவேளையில் குழாய்களைத் தொடாமல் மூவரை மட்டும் இடம் மாற்றி உட்கார வைத்து, யார் பெயரைச் சொன்னாலும் தலையாட்டச் சொன்னது அவர்தான். "ஜூரா, நீ காவலாளி ரத்தத்த எடுத்து டிரைவர் கணக்குல எழுதிட்ட. அடுத்த வாரம் வா," என்றார். சரியான குழாயை எடுத்துச் சைகலிடம் நீட்டினார். "இப்ப குத்து."

குளிரில் நரம்பு பதுங்கியிருந்தது. சைகல் சுடுநீரில் நனைத்த துணியைச் சுற்றினாள், பட்டையைக் கட்டினாள், விரலால் தேடினாள். அகப்பட்டது. குழாய் சிவப்பாய் நிறைந்தபோது அவளுக்குக் கூத்தாடலாம் போலிருந்தது. ஆனாலும் நிதானமாகப் பட்டையை அவிழ்த்து, ஊசியை உருவி, பஞ்சை அழுத்தினாள்.

"உனக்கு மட்டும் எப்படி இப்படிக் கேக்கத் தோணுச்சு?" என்றார் குல்பாரா.

சைகல் தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டாள். "அது எங்க மாமனார் பேருக்கா."

குல்பாரா விழுந்து விழுந்து சிரித்தார். "கேட்டுக்குங்கடி. இனிமே கட்டில்ல இருக்கற ஒவ்வொருத்தரும் உங்க மாமனார்தான்."

வெளியே ஓடிவந்து சைகல் வீட்டுக்குப் போன் போட்டாள். எடுத்தது மாமனார்.

"தேறிட்டேன் மாமா," என்றாள், மூச்சு வாங்க. "உங்க பேருதான் காப்பாத்துச்சு."