பத்து நிமிஷ செவ்வாய்

தலைமையாசிரியருக்கு அந்த வாத்தியாரைக் கண்டால் ஆகாது. வாத்தியாருக்கும் அவரைக் கண்டால் ஆகாது. இதில் ஒளிவுமறைவு ஒன்றும் கிடையாது. பள்ளிக்கூடத்துப் பொடிசுகளுக்குக்கூடத் தெரியும்.

எல்லாம் வேலையால் வந்த பகை. வாத்தியார் அந்தத் தனியார் பள்ளியில் அறிவியல் எடுத்தார். ஆனால் தற்காலிகம். வருஷக் கடைசியில் போகச் சொல்லிவிட்டு, பள்ளி திறந்ததும் வரச் சொல்வார்கள். நாயை அவிழ்த்துவிட்டு மறுபடி கட்டுவது மாதிரி. அவரும் வாலை ஆட்டிக்கொண்டு வருவார். என்ன செய்ய, வயிறு இருக்கிறதே.

இந்த வருஷம் நிரந்தரமாக ஓர் இடம் வந்திருந்தது. தலைமையாசிரியர் யாரைக் காட்டுகிறாரோ அவருக்குத் தாளாளர் கையெழுத்துப் போடுவார். தலைமையாசிரியர் வீட்டில் ஒரு மச்சினன் சும்மா உட்கார்ந்திருந்தான். மனைவிக்கு ஒரே தம்பி. அவனும் அறிவியல் பட்டம் வாங்கியவன்தான். எப்படி வாங்கினான் என்று யாராவது கேட்டால் அவன் அக்காவுக்கு மூக்கு சிவந்துவிடும்.

வாத்தியார் வீட்டிலும் நிலைமை நல்லதாக இல்லை. "இந்தத் தடவையும் இல்லைன்னு ஆச்சுன்னா, எங்கண்ணன் டைல்ஸ் கடையில போய் நில்லுங்க. அவன் எத்தனை நாளா கூப்பிடறான்," என்று மனைவி சொல்லிவிட்டாள். மச்சான் கடையில் போய் நிற்பதைவிட சாவது மேல் என்று வாத்தியார் நினைத்தார். நினைத்ததைச் சொல்லவில்லை. சொன்னால் அன்றைக்குச் சாப்பாடு கிடைக்காது.

அதனால்தான் அவர் அந்த விஞ்ஞானி அம்மாவைப் பிடித்தார். விண்வெளிக்குக் கலம் அனுப்புகிற இடத்தில் பெரிய வேலையில் இருப்பவர். எழுதி எழுதி, பதில் வராமல் மறுபடி எழுதி, கடைசியில் பிள்ளைகளோடு கணினி வழியாகப் பேச ஒப்புக்கொள்ள வைத்தார். தாளாளர் காதுக்கு இது போனால் வேலை தனக்குத்தான் என்று கணக்குப் போட்டார். மடிக்கணினி அவருடையது. இணையமும் அவர் கைபேசியிலிருந்து எடுத்ததுதான், ஏனென்றால் பள்ளி இணையம் காலையில் வேலை செய்தால் மாலையில் செய்யாது.

அன்றைக்குக் காலையில் கூடத்தில் பெரிய திரை, ஒலிபெருக்கி, தனியாக ஒரு கேமரா எல்லாம் மாட்டி முடித்து நிமிர்ந்தார். தலைமையாசிரியர் மச்சினனோடு வந்து நின்றார். மச்சினன் புதுச் சட்டை போட்டிருந்தான். மடிப்புக்கூட இன்னும் கலையவில்லை.

"நீங்க வயரைப் பாத்துக்கங்க. கேமரா முன்னாடி தம்பி உக்காரட்டும்."

"சார், அவங்ககிட்ட பேசி ஏற்பாடு பண்ணது நான்."

"யாரு இல்லைன்னா? ஏற்பாடு பண்றவன் பந்தலுக்கு வெளியில நிக்கறதில்லையா? ஓரமா நில்லுங்க."

மச்சினன் நாற்காலியில் உட்கார்ந்து திரையில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்துத் தலையைக் கோதிக்கொண்டான். வாத்தியார் மேஜைக்குப் பக்கவாட்டில், கேமராவுக்குள் வராத இடத்தில், மடிக்கணினியைத் தன் பக்கம் லேசாகத் திருப்பி வைத்துக்கொண்டு குந்தினார். பெரிய திரையில் விஞ்ஞானி முகம் மட்டும்தான் பெரிதாகத் தெரிந்தது. சேர்ந்திருப்பவர்களின் பெயர்கள் எல்லாம் மடிக்கணினியின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்தன. அவர் இணைப்பு அனுப்பியிருந்த தாளாளரின் பெயரும் அதில் வந்து உட்கார்ந்ததை வாத்தியார் பார்த்தார். வேறு யாரும் பார்க்கவில்லை.

விஞ்ஞானி அம்மா சிரிக்கிற ஆள் இல்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "உங்களுக்கு சயின்ஸ் எடுக்கறது யாரு?" என்றார்.

பிள்ளைகள் எல்லாரும் மேஜையின் ஓரத்தைப் பார்த்தார்கள். தலைமையாசிரியர் மச்சினனின் தோளில் கைவைத்து, "இவர்தான் மேடம். தங்கமான வாத்தியார்," என்றார்.

"செவ்வாய்க்கு எத்தனை நிலா சார்?" என்று அந்த அம்மா மச்சினனைக் கேட்டார்.

மச்சினன் தலைமையாசிரியரைப் பார்த்தான். "ஒண்ணு... எல்லாத்துக்கும் ஒண்ணுதானே மேடம்."

முன்வரிசையில் இருந்த வாயாடிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அந்தப் பெண்ணுக்கு வைத்த பெயரே அதுதான், வீட்டிலும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். "ரெண்டு மேடம்!" என்று கத்தினாள். "எங்க சார் சொல்லிக்குடுத்தாரு."

"எந்த சார்?"

"நேரமாகுது, கேள்விக்குப் போவோம்," என்று தலைமையாசிரியர் குறுக்கே விழுந்தார். அதே நேரம் அவர் கைபேசி அடித்தது. பேசிக்கொண்டே வாசல் பக்கம் போனார். அங்கிருந்து பாதிதான் காதில் விழும்.

வாயாடி கேட்டாள்: "செவ்வாய்க்குப் போறவங்களுக்கு பயமா இருந்தா, யார்கிட்ட மேடம் சொல்வாங்க?"

"நல்லா கேட்ட," என்றார் அந்த அம்மா. "பதில் சொல்றதுக்கு முன்னாடி ஒரு விளையாட்டு. நீங்க செவ்வாயில இருக்கீங்க, நான் பூமியில இருக்கேன். நீங்க பேசறது என்கிட்ட வந்து சேர சில சமயம் பத்து நிமிஷம்கூட ஆகும். என் பதில் திரும்பி வர இன்னொரு பத்து. அவ்ளோ நேரம் உங்களால இருக்க முடியாது, அதனால போற பத்து மட்டும். நான் என் படத்தை நிறுத்திடறேன். வாயைத் திறக்க மாட்டேன். உங்க குரல் இன்னும் வழியில இருக்குன்னு நெனச்சுக்கங்க. சும்மா காத்திருக்கறது எப்படி இருக்குன்னு பாருங்க."

"நெனச்சுக்கணும், அவ்ளோதானே மேடம்?" என்றாள் வாயாடி. "நெஜமா உங்களுக்குக் கேக்கும்."

"கேக்கும். சத்தம் போடாதீங்க."

திரையில் முகம் போய், சிவப்பாக ஒரு உருண்டைப் படம் வந்து நின்றது. கூடம் அமைதியாகிவிட்டது.

தலைமையாசிரியர் பேசி முடித்து வந்து திரையைப் பார்த்தார். "என்ன, போயிட்டாங்களா?"

"பத்து நிமிஷம் சார்," என்றார் வாத்தியார்.

"ஆமா, காதுல விழுந்துச்சு. பத்து நிமிஷம் ஒண்ணும் போய்ச் சேராதுன்னாங்க." அவர் நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு, காலை நீட்டி உட்கார்ந்தார். "டீ குடிக்கப் போயிருப்பாங்க. பெரிய மனுஷங்க, கேட்டா செவ்வாய்ம்பாங்க."

இந்த இடத்தில் ஒரு வார்த்தை சொன்னால் போதும். இல்லை, மைக்கை மூடுகிற பொத்தானை ஒரு தட்டுத் தட்டினால் போதும். வாத்தியாரின் விரல் அதன் மேல்தான் இருந்தது. தாளாளர் பெயர் ஓரத்தில் அசையாமல் இருந்தது. வாத்தியார் விரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"சார், அந்த நிரந்தர வேலை விஷயம்..."

"அதை இப்பவா கேக்கறது?"

"சும்மாதானே சார் இருக்கோம்."

தலைமையாசிரியர் திரையை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "இது இப்ப நின்னுதானே இருக்கு?"

"அவங்க சொன்னதைத்தான் நீங்களே கேட்டீங்களே சார்."

பொய் இல்லை. ஆனால் அதைவிட மோசம்.

"அப்ப நேராவே சொல்லிடறேன். வேலை தம்பிக்கு. உனக்கு அடுத்த மாசத்தோட சரி."

மரியாதை போய் ஒருமை வந்துவிட்டது. வாத்தியார் குரலை இன்னும் இறக்கினார். "தாளாளர் ஒத்துக்குவாரா சார்? அவர் பரீட்சை வெச்சுதான் எடுக்கணும்பாரே."

"அவருக்கு என்னய்யா தெரியும்? நான் நீட்டற எடத்துல கையெழுத்துப் போடற ஆளு. எது கேள்வித்தாள், எது துணிக்கடை ரசீதுன்னு பிரிச்சுச் சொல்லத் தெரியாது அவருக்கு."

மச்சினன் மட்டும் சுதாரித்தான். படிப்பில் எப்படியோ, கைபேசியில் மணிக்கணக்காக முகம் பார்த்துப் பேசிப் பழகியவன். மடிக்கணினியில் மைக் படம் ஒளிர்வதைக் கண்டுவிட்டான். "மாமா... மாமா, மைக்கு..."

"நீ சும்மா இருடா. நான் பேசிட்டிருக்கேன்ல?"

"இல்ல மாமா..."

"உனக்காகத்தானேடா பேசறேன்! வாயை மூடு."

மூடிக்கொண்டான்.

"பரீட்சை வெச்சா பிள்ளைங்க படிப்பு நல்லா இருக்கும்ல சார்?" என்றார் வாத்தியார். இதை அவர் கேட்டிருக்கவே வேண்டாம். கறக்க வேண்டியதைக் கறந்தாகிவிட்டது. ஆனாலும் கை நிற்கவில்லை.

தலைமையாசிரியர் சிரித்தார். "எந்தப் பிள்ளைங்க? இதுங்களா? இதுல எது வானத்துக்குப் போகப் போகுது? பாதி அப்பன் கடையில உக்காரும். மீதி கட்டிக்கிட்டுப் போய்ச் சமைக்கும். இதுங்களுக்கு விஞ்ஞானி ஒரு கேடு. போட்டோ எடுத்தோமா, மாட்டினோமான்னு போவோம்."

பிள்ளைகள் எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தன. சத்தம் போடாதே என்று சொல்லியிருந்ததால் ஒன்றும் வாயைத் திறக்கவில்லை. வாயாடி கீழே குனிந்து, சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள். வாத்தியார் அதைப் பார்த்தார். அப்போதும் மைக் பொத்தானைத் தட்டவில்லை. இவ்வளவு தூரம் வந்தாகிவிட்டது, இனிமேல் தட்டி என்ன ஆகப்போகிறது என்று இருந்துவிட்டார்.

சிவப்பு உருண்டை போய் முகம் வந்தது. கண்ணாடி இப்போது மூக்கின் மேல் இருந்தது.

"நீங்க பேசினது இப்பதான் வந்து சேந்துச்சு," என்றார் விஞ்ஞானி அம்மா. "எல்லாமே."

தலைமையாசிரியர் காலை மடக்கினார். "மேடம்...?"

"பாப்பா, உன் கேள்விக்கு வர்றேன். அங்க பயமா இருந்தா பக்கத்துல இருக்கறவங்ககிட்டதான் சொல்ல முடியும். வேற யாரும் கிடையாது. அதனால ஆள் எடுக்கறப்போ நாங்க மொதல்ல பாக்கறது, ஒரு ரூமுக்குள்ள அடைச்சு வெச்சா அடுத்தவனைக் கடிச்சுத் துப்பாம இருப்பானான்னு. உங்க ஹெட்மாஸ்டர் தேற மாட்டார்." நிறுத்திவிட்டு, பிள்ளைகள் முதலில் பார்த்த ஓரத்துப் பக்கம் கண்ணைத் திருப்பினார். "மறைஞ்சு உக்காந்திருக்கற சாரும் தேற மாட்டார். எனக்குக் கேக்குதுன்னு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சேதான் கிண்டிக் கிண்டிக் கேட்டீங்க. கடைசியில பிள்ளைங்களைப் பத்தி வந்ததே, அதையும் நீங்கதான் வரவழைச்சீங்க."

தலைமையாசிரியர் மெதுவாகத் திரும்பினார். முகம் கறுத்துப் போயிருந்தது. "உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா...?"

"நான்தானே சார் சயின்ஸ் வாத்தியார்."

தலைமையாசிரியர் சட்டைப்பையில் கைபேசி அடித்தது. எடுத்துப் பெயரைப் பார்த்தவர் எழுந்தே நின்றுவிட்டார். தாளாளர் பேசுவது பக்கத்தில் இருந்தவர்களுக்கும் கேட்டது. அவர் எப்போதுமே கைபேசியில் கத்திப் பேசுகிற ஆள்.

"துணிக்கடை ரசீதுன்னு சொன்னியே, நல்லா இருந்துச்சுய்யா. உன் மச்சினனைக் கூட்டிட்டு இன்னிக்கே வீட்டுக்குப் போ. நாளைக்கு எங்கிட்ட வந்து நில்லு. அப்புறம் அந்த வாத்தியான் இருக்கான்ல, அவனுக்கும் சொல்லிடு. இன்னிக்கு உன்னைப் பேசவிட்டுக் கேட்டவன் நாளைக்கு என்னையும் பேசவிட்டுக் கேப்பான். அந்த மாதிரி ஆளு நமக்கு ஆகாது. வேலை ரெண்டு பேருக்கும் இல்ல. வெளியாளைப் பாத்துக்கறேன்."

வைத்துவிட்டார்.

மச்சினன் ஓசைப்படாமல் எழுந்து வெளியே போனான். தலைமையாசிரியர் வாத்தியாரின் முகத்துக்கு நேரே வந்து நின்றார். "கேட்டுச்சா? உனக்கும் போச்சு. இப்ப திருப்தியா? என்னத்தைடா கிழிச்ச?"

வாத்தியாருக்கு டைல்ஸ் கடை கண் முன்னால் வந்தது. மச்சான் கல்லாவில் உட்கார்ந்துகொண்டு, 'மாப்ளே, அந்தப் பெட்டியைத் தூக்குங்க' என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்லப்போவது காதிலேயே விழுந்தது. போட்ட கணக்கு சரியாகத்தான் வந்தது, விடைதான் தப்பு.

பிள்ளைகள் ஒன்றும் புரியாமல், எல்லாம் புரிந்து, உட்கார்ந்திருந்தார்கள். கலைந்து போகச் சொல்ல யாரும் இல்லை. விஞ்ஞானி அம்மாவும் திரையில் அப்படியே இருந்தார்.

வாத்தியார் எழுந்து, மச்சினன் விட்டுப்போன நாற்காலியில் உட்கார்ந்தார். அது இன்னும் சூடாக இருந்தது.

"நான்தான் மேடம் இவங்க வாத்தியார். அடுத்த மாசம் வரைக்கும்."

"நீங்க பண்ணது எனக்குப் பிடிக்கல."

"எனக்கும் பிடிக்கல மேடம். பிள்ளைங்களுக்குக் கேள்வி இன்னும் மிச்சம் இருக்கு." திரும்பி, "ஏய் வாயாடி, குனிஞ்சது போதும். அடுத்த கேள்வி யாருது?" என்றார்.

வாயாடி நிமிர்ந்தாள். கண் சிவந்திருந்தது. "நாங்க கேட்டு என்ன சார் பண்ணப் போறோம்? சமைக்கத்தானே போறோம்," என்றாள். தலைமையாசிரியரைப் பார்த்துச் சொல்லவில்லை, வாத்தியாரைப் பார்த்துச் சொன்னாள்.

அந்த அடி சரியான இடத்தில்தான் விழுந்தது. வாத்தியார் வாங்கிக்கொண்டார்.

பின்வரிசையில் ஒருவன் கையைத் தூக்கினான். அவன் வாயைத் திறப்பதற்குள் பெரிய திரை இருண்டது. ஒலிபெருக்கி ஒரு கரகரப்போடு செத்தது. சுவரோரம் தலைமையாசிரியர் நின்றிருந்தார். பிடுங்கிய ப்ளக் கையில் இருந்தது.

"பள்ளிக்கூட கரண்ட்டு," என்றார். "ஆட்டம் முடிஞ்சுது. எல்லாம் எழுந்து போங்க."

மடிக்கணினி எரிந்துகொண்டுதான் இருந்தது. சின்னத் திரையில் விஞ்ஞானி அம்மா, "ஹலோ, இருக்கீங்களா?" என்றார். குரல் கொசு ரீங்காரம் மாதிரி வந்தது.

"இருக்கோம் மேடம்," என்றார் வாத்தியார். "இது பேட்டரில ஓடுது சார். பள்ளிக்கூடத்துது இல்ல, என்னுது."

முதலில் பின்வரிசைப் பையன் எழுந்து வந்தான். பிறகு மற்றதுகள். நாற்காலியைத் தள்ளி, ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்து, மேஜையைச் சுற்றி மொய்த்தன. கேட்க வேண்டும் என்றால் மூச்சுச் சத்தம்கூட ஆகாது. வாயாடி கொஞ்ச நேரம் தன் இடத்திலேயே இருந்தாள். அப்புறம் வந்தாள். வாத்தியாரின் முழங்கையை இடித்து ஒதுக்கிவிட்டு முன்னால் நின்றுகொண்டாள்.

தலைமையாசிரியர் ப்ளக்கைப் பிடித்தபடியே சுவரோரம் நின்றார். அவரை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.