ஒற்றைக் கதவு

கொனாடு முற்றத்தில் உட்கார்ந்திருக்க, உள்ளே கூடத்தில் அவளுடைய பட்டறையை வேறொருவனுக்குத் தாரை வார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கானா நாட்டுக் குமாசி நகரத்தில் அந்த வீடு தாய்வழிச் சொத்து. அந்த வீட்டுப் பெண் வயிற்றில் பிறந்த யாருக்கும் கூடத்தில் உட்கார இடமும் பேச வாயும் உண்டு. கொனாடுவுக்கும் உண்டு. சின்ன வயதில் போலியோவில் கால்கள் போன பிறகும் அந்த உரிமை போகவில்லை. ஆனால் அவளுடைய சக்கர நாற்காலி அந்த வாசலில் நுழையாது. செம்மண் சாலையின் பள்ளமேடு தாங்க வேண்டுமென்று சுவாமேயில் ஒரு வெல்டர் சைக்கிள் சக்கரம் வைத்து அகலமாகச் செய்து கொடுத்த நாற்காலி அது. ஒவ்வொரு கூட்டத்துக்கும் பையன்கள் அவளை அள்ளித் தூக்கிக்கொண்டு போய் உள்ளே போடுவார்கள். இந்தத் தடவை அவள் மறுத்துவிட்டாள்.

"நான் என்ன, கிழங்கு மூட்டையா?"

"அப்ப வெளியவே இரு. காது கேக்குதில்ல?" என்றார் குடும்பத் தலைவர் அம்போன்சா, அவளுடைய தாய்மாமா.

காது நன்றாகவே கேட்டது. தெருவைப் பார்த்த கொட்டகையைப் போன் கடைக்காரனுக்கு வாடகைக்கு விடலாம் என்றார் மாமா. கட்டிலும் மேசையும் சவப்பெட்டியும் செய்து அவள் சோறு தின்னும் கொட்டகை. "முடியாது! எனக்குச் சம்மதமில்ல!" என்று முற்றத்திலிருந்து கத்தினாள்.

"முத்தத்துல கோழியுந்தான் கத்துது. அதையெல்லாம் கூட்டம் கணக்குல எடுத்துக்குமா?"

சிலர் சிரித்தார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை. உடம்பெல்லாம் எரிந்தது.

மறுநாள் காலையில், பெரிய வேலைக்கென்று சேர்த்து வைத்திருந்த 'ஓடும்' என்ற உள்ளூர் மரத்தின் சட்டங்களை இறக்கினாள். இரும்பு போல் கனக்கும் மரம். கறையான் வாய் வைக்காது. கொத்தனார் வேலை செய்யும் தம்பி சர்ஃபோவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். அவன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"கூடத்துச் சுவத்தையா? அக்கா, மாமா என் தோலை உரிச்சிடுவாரு!"

"உரிச்சா காயப்போட்டு மேளத்துக்குக் கட்டிக்கலாம். சுவத்த உடைப்பியா, மாட்டியா?"

அவன் மரத்தைத் தடவிப் பார்த்தான். "சரி, ரெட்டைக் கதவா போடு. இவ்வளவு அகலத்துக்கு ஒத்தைக் கதவு தாங்காது, தொங்கிடும்."

"ரெட்டைக் கதவு போட்டா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். எல்லாரும் ஒண்ணைத் திறந்து போவாங்க, வருவாங்க. இன்னொண்ணு தாழ்ப்பாள் துருப்பிடிச்சு நிக்கும். நான் வர்றப்ப, இரு கொனாடு, சாவி தேடுறோம்னுவாங்க. வேணாம். அவங்க திறக்குற கதவுதான் எனக்கும்."

தொங்காமல் செய்வது அவள் பாடு. நெடுஞ்சட்டங்களில் ஆழமாகத் துளை வெட்டினாள். குறுக்குச் சட்டங்களின் முனைகளை அந்தத் துளைகளில் இறுக்கமாக உட்காரும் நாக்குகளாகச் செதுக்கினாள். கதவின் பாரமெல்லாம் இறங்கும் அடிச்சட்டத்தை மற்றவற்றைவிட இரு மடங்கு அகலமாக விட்டாள். நடுவில் ஒரு சட்டம் நிறுத்தி, சுற்றிலும் காடி என்னும் நீளப் பள்ளம் எடுத்து, மகோகனிப் பலகைகளை அதில் செருகினாள். பலகைகளுக்குப் பசை போடவில்லை. மழையில் பலகை உப்பும், வறட்டுக் காற்றில் சுருங்கும். அசைய இடமில்லாவிட்டால் பிளந்துவிடும். மூலைகளுக்கு மட்டும் பசை தடவி, நாக்குகளின் நுனியில் ஆப்பு அடித்து இறுக்கினாள். அவளுடைய மரச்சுத்தி, அந்தக் கொட்டாப்புளியின் சத்தம் தெருமுனை வரை கேட்டது.

அந்தப் பக்கமாக வந்த அம்போன்சா நின்று பார்த்தார். "அம்மாடி! எந்தச் சர்ச்சுக்கு இவ்வளவு பெரிய கதவு?"

"ஒரு பெரிய குடும்பத்துக்கு மாமா."

"நல்லா செஞ்சு குடு. கடைக்காரன் வர்றதுக்குள்ள முடிச்சிடு."

சனிக்கிழமை வீடே துக்கத்துக்கான கறுப்பும் சிவப்பும் உடுத்திக்கொண்டு மாம்பொங் ஊரில் ஒரு சாவுக்குப் போனது. கடைசி வண்டியும் தெருமுனையில் மறைந்ததும் சர்ஃபோ கடப்பாரையை எடுத்தான். பழைய மண்சுவர் பெருமூச்சு விடுவது போல் சரிந்தது. மேலே விட்டம் கொடுத்து, புது நிலையை நிறுத்தி, தடுக்கும் வாசற்படியை வெட்டித் தரையோடு தரையாக்கினான். கதவைத் தூக்குவதற்குள் இருவருக்கும் நாக்குத் தள்ளியது. அவன் நெம்புகோலால் உயர்த்திப் பிடிக்க, அவள் கீழே ஆப்பு சொருகிச் சொருகி மட்டம் பார்த்தாள். கீழ்க் கீல்களை அவள் முடுக்கினாள், மேலே அவன். பிறகு ஒற்றை விரலால் தள்ளினாள். இவ்வளவு பெரிய கதவு முனகல்கூட இல்லாமல் திறந்தது.

சாயங்காலம் திரும்பி வந்த கூட்டம் முற்றத்திலேயே நின்றுவிட்டது.

"யாரைக் கேட்டு உடைச்ச?" அம்போன்சாவின் தோளிலிருந்து துணி நழுவியது. "என் தாய்மாமன் வெச்ச வாசல் அது! சர்ஃபோ, இப்பவே சுவத்தக் கட்டு!"

கொனாடு சக்கரங்களைத் தள்ளிக்கொண்டு கூடத்தின் நட்டநடுவில் போய் நின்று நாற்காலியின் பிரேக்கைப் போட்டாள். கால்கள் போன பிறகு அந்தக் கூடத்துக்குள் அவள் தானாக வந்தது அதுதான் முதல் தடவை.

"கட்டச் சொல்லுங்க மாமா. என்னையும் உள்ள வெச்சே கட்டச் சொல்லுங்க. நான் நகர மாட்டேன்."

அம்போன்சாவின் தங்கை போகுவா, கொனாடுவின் சித்தி, தலையில் பெரிய பாத்திரத்தோடு நின்றிருந்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக உள்ளே போனாள்.

"அடேயப்பா! இத்தனை வருஷமா இந்த இடுப்ப ஒருக்களிச்சுத்தான் உள்ள கொண்டாந்தேன்," என்றாள். "அண்ணே, இது எனக்குப் பிடிச்சிருக்கு."

முற்றத்தில் சிரிப்பு வெடித்தது. அம்போன்சாவுக்கு முகம் கறுத்தது.

"ஆகட்டும். முன்னோர் வாசலைத் தொட்டதுக்கு ஒரு ஆடு தண்டம். தப்புன்னு எல்லார் முன்னாலயும் சொல்லணும்."

"ஆடு நாளைக்கே வெட்டுறேன் மாமா. கதவு வெச்ச சந்தோஷத்துக்கு எல்லாருக்கும் நானே ஆக்கிப் போடுறேன். தண்டம்னு கேட்டீங்கன்னா ஆட்டு மசுருகூட கிடையாது. செஞ்சது தப்பில்ல."

"அப்ப நான் அந்த ஓட்டை வழியா வர மாட்டேன்!"

சொன்ன சொல்லை அவர் காப்பாற்றினார். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் கூடியபோது முக்காலியை வாசலுக்கு வெளியே போட்டு உட்கார்ந்தார். கொனாடு எல்லோர் முகத்தையும் பார்த்துப் பேசினாள். "அந்தக் கொட்டகையில நான் வேலை செய்யுறேன். என்னைக் கேக்காம முடிவு பண்ணது செல்லாது. நான் காலி பண்ண மாட்டேன்."

முதலில் போகுவா அவளுக்கு ஆதரவாகக் கை தூக்கினாள். பிறகு சர்ஃபோ, மாமாவின் பக்கம் பார்க்காமல். அதன் பின் ஒவ்வொன்றாகக் கைகள் எழுந்தன. எல்லாக் கைகளும் இல்லை. ஆனால் போதுமான கைகள். போன் கடைக்காரனுக்குக் கிணற்றுப் பக்கத்து மூலையைக் கொடுக்கலாம் என்று முடிவானது.

ஆட்டு சூப்பின் மணம் முற்றம் முழுக்கப் பரவியது. கிழங்கை இடித்துப் பிசைந்த ஃபுஃபூ உருண்டையைச் சுற்றி நல்ல நெஞ்சுக் கறியாகப் பார்த்துப் போட்டு கொனாடு மாமாவுக்கு அனுப்பினாள். தொடாமல் திருப்பி அனுப்பினார்.

"என்னம்மா பண்றது இதை?" என்று கேட்டாள் போகுவா.

"இங்க குடுங்க சித்தி. எனக்கு நல்ல பசி," என்று வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள் கொனாடு.