இராசமலர் சொன்ன சாட்சி

தயாளினி கனடாவுக்கு விண்ணப்பித்தபோது அவள் பராமரித்துவந்த இராசமலர் உயிரோடுதான் இருந்தார். படுக்கையில் கிடக்கும் நோயாளிகளை வீட்டோடு இருந்து பார்க்கிற வேலைக்கு அங்கே ஆள் எடுத்தார்கள். தகுதி இருந்தால் நிரந்தரமாகத் தங்கவே விசா கொடுப்பார்களாம். தர்மபுரத்தில் அதுவரை யாரும் அப்படிப் போனதில்லை. தயாளினியிடம் பயிற்சிச் சான்றிதழ் இருந்தது. வேலை தர ஒரு குடும்பமும் சம்மதித்திருந்தது. அவள் அந்த வேலையை முழுநேரமாகச் செய்தவள்தான் என்று இங்கே வேலை கொடுத்தவர்கள் உறுதிப்படுத்துவது மட்டும்தான் பாக்கி. அதற்காக இராசமலரின் பெயரையும் அக்கராயன் ஊரில் இருக்கும் அவர் வீட்டுத் தொலைபேசி இலக்கத்தையும் கொடுத்திருந்தாள். இராசமலரால் பேச முடியாது என்பதால், இலண்டனில் இருக்கும் மகன் லக்ஷனின் இலக்கத்தையும் சேர்த்திருந்தாள்.

பேச்சு இருந்த காலத்தில் இராசமலரின் குரல் குளக்கட்டு வரைக்கும் கேட்கும். தயாளினியின் தாய் சுப்பம்மா அவருடைய வயலில் நாற்று நட்டும் களை பிடுங்கியும் உழைத்தவள். வரம்பில் நின்று இராசமலர் ஒரு குரல் கொடுத்தால், கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடுவாள். தயாளினியை இராசமலர் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை. எப்போதும் ‘சுப்பம்மாவின்ர பெட்டை’தான். பிறகு பாரிசவாதம் வந்து வலப்பக்கத்தையும் வாயையும் கட்டிப்போட்டது. லக்ஷன் தயாளினியை வேலைக்கு அமர்த்தினான். அவள் கழுவினாள், ஊட்டினாள், இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைத்தாள். முதுகில் ஒரு புண் வர விடவில்லை. அத்தனை காலத்திலும் இராசமலரிடமிருந்து ஒரு சத்தம்கூட வந்ததில்லை. கண்கள் மட்டும் அவள் போகும் இடமெல்லாம் கூடவே போகும்.

மாசியில் இராசமலர் செத்துப்போனார். லக்ஷன் வந்து கொள்ளிவைத்தான். தொலைபேசி இணைப்பை வெட்டச் சொல்லிவிட்டு வீட்டைப் பூட்டி, வயலைக் குத்தகைக்குச் செய்யும் கணபதியிடம் திறப்பைக் கொடுத்துவிட்டுப் போனான். விசா அலுவலகத்தில் இருந்து தொலைபேசி எடுத்தால் தானே பேசுவதாகத் தயாளினிக்குச் சொல்லியிருந்தான்.

ஆவணியில் ஒரு காலை அவளுக்கு நேர்முகத் தேர்வு தொலைபேசியில் நடந்தது. அதிகாரி ஆங்கிலத்தில் கேட்க, ஒரு பெண் தமிழில் மொழிபெயர்த்துச் சொன்னாள். விழுங்க முடியாதவருக்கு எப்படி ஊட்டுவது, மூச்சுத் திணறினால் முதலில் என்ன செய்வது என்றெல்லாம் கேட்டார்கள். தயாளினி தடுமாறாமல் பதில் சொன்னாள்.

“உங்கட வேலையை உறுதிப்படுத்தியாச்சாம்,” என்றாள் அந்தப் பெண். “போன கிழமை வீட்டுக்கு எடுத்தவை. இராசமலர் அம்மாவே கதைச்சவா.”

“மகனோ கதைச்சவர்?”

“இல்லை, அம்மாதான். அண்டைக்கும் நான்தானே மொழிபெயர்த்தனான். நல்ல கணீரெண்ட குரல். சுப்பம்மாவின்ர பெட்டை எண்டுதான் உங்களைச் சொன்னவா. ஒருநாளும் புண் வர விடேல்லையாம்.”

அவர் செத்துவிட்டார் என்று சொல்லத் தயாளினி வாய் எடுத்தாள். வந்தது ஆமோதிக்கும் “ஓம்” மட்டும்தான்.

அதிகாரி விடைபெற்ற பிறகும் அந்தப் பெண் வைக்கவில்லை. குரலைத் தணித்துக்கொண்டாள். “இன்னொண்டும் சொன்னவா. விசாவுக்குத் தேவையில்லாத கதையெண்டு நான் அதை அவருக்குச் சொல்லேல்லை. நீங்கள் போனாப்பிறகு தன்னை ஒருத்தரும் திருப்பிவிடேல்லையாம். முதுகு எரியுதாம்.”

தயாளினி உடனே லக்ஷனுக்கு எடுத்தாள். தன்னை யாரும் விசாரிக்கவில்லை என்றான் அவன். தொலைபேசியைக் கழற்றித் தானே அலுமாரிக்குள் வைத்ததாகவும், இலக்கம் மாறி வேறு யாரோ விளையாடியிருப்பார்கள் என்றும் சொன்னான். சொல்லும்போது அவன் குரல் ஒரு மாதிரி இருந்தது.

சுப்பம்மா எல்லாவற்றையும் கேட்டாள். “அக்கராயனுக்குப் போயிட்டு வா,” என்றாள். “போகாட்டி விடமாட்டா. கூப்பிட்டுக்கொண்டே இருப்பா.”

மறுநாள் மத்தியான வெயிலில் தயாளினி அக்கராயனில் இறங்கினாள். கணபதி கதவைத் திறந்துவிட்டு முற்றத்திலேயே நின்றுகொண்டார். உள்ளே தொலைபேசி அலுமாரியில்தான் கிடந்தது, தன் வயராலேயே சுற்றிக் கட்டியபடி. அறையில் இரும்புக் கட்டில். மெத்தைமேல் வெள்ளை விரிப்பு, ஒரு மடிப்பும் இல்லாமல். ஆனால் கிட்டப் போனதும் அந்த மணம் அடித்தது. நாட்கணக்காகத் திருப்பாமல் கிடக்கும் உடம்பின் மணம். பயிற்சிக் காலத்தில் ஆஸ்பத்திரியில் அதை அறிந்திருந்தாள். இந்த அறையில் ஒருநாளும் அதை வரவிட்டதில்லை.

ஓடிவிடத்தான் நினைத்தாள். கைகள் வேறு மாதிரி நினைத்தன. வழக்கம்போல முழங்காலை மடித்து நின்று, “அம்மா, திரும்புவமே?” என்று கேட்டாள். ஒரு கையைத் தோள் இருக்கும் இடத்திலும் மற்றதை இடுப்பு இருக்கும் இடத்திலும் கொடுத்தாள். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. கைக்குப் பாரம் தெரிந்தது. வலப்பக்கம் செத்த உடம்புக்கே உரிய பாரம். மெல்ல உருட்டினாள். முதுகுக்குத் தலையணை அணைகொடுத்தாள். உடம்பு விலகிய இடத்தில் விரிப்பு வியர்வையில் நனைந்திருந்தது; தொட்டுப் பார்த்தாள், இளஞ்சூடு.

வெளியே வந்தபோது கணபதியின் முகம் வெளிறிப் போயிருந்தது.

“உள்ள ஆர் பிள்ளை?”

“ஒருத்தரும் இல்லை. நான்தான் கதைச்சனான்.”

“நீர் கேட்டது எனக்குக் கேட்டது,” என்றார் அவர். “பிறகு ஓம் எண்டு சொன்னது ஆர்?”

அவள் பஸ் தரிப்புக்கு நடந்தாள். அதன் பிறகு பலமுறை போய்வந்தாள். கணபதி திறப்பை அவளிடமே கொடுத்துவிட்டார்.

ஐப்பசி மழையோடு விசா வந்தது. போகாமல் விடலாமா என்று ஒரு கிழமை யோசித்தாள். விடுவதற்கு மனம் வரவில்லை. இத்தனை வருடம் எதிர்பார்த்தது. லக்ஷனுக்கு எல்லாவற்றையும் சொன்னாள். அவன் வீட்டை விற்கும் கதையை எடுத்தான். வாங்க ஒருவரும் வரவில்லை.

கொழும்புக்குப் போகும் வான் வாசற் படலையடியில் வந்து நின்றது. சுப்பம்மா மகளின் நெற்றியில் திருநீறு பூசிவிட்டாள். அழவில்லை. திறப்பை வாங்கிச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டே கேட்டாள்.

“கடைசியா எந்தப் பக்கம் சரிச்சு விட்டனி?”

“இடப்பக்கம்,” என்றாள் தயாளினி.