ரைன் கரையில் எள்ளும் தண்ணீரும்

ரகுநாதனுக்குத் தந்தி என்றாலே ஆகாது. காரணம் இருக்கிறது. கான்பூரில் படித்துக்கொண்டிருந்தபோது, 'ஃபாதர் சீரியஸ், ஸ்டார்ட் இம்மீடியட்லி' என்று சித்தப்பா ஒரு தந்தி அடித்திருந்தார். தெரிந்த சாமியையெல்லாம் வேண்டிக்கொண்டு இரண்டு நாள் ரயிலில் உட்கார்ந்து கும்பகோணம் வந்தான். வாசலில் கால் வைத்தால் எல்லாம் முடிந்து, காவிரியில் அஸ்தியும் கரைத்தாகிவிட்டிருந்தது. தந்தி அடிக்கும்போதே அப்பா போய்விட்டாராம்.

நம் ஜனங்களுக்கு இது ஒரு வழக்கம். செத்த சேதியைத் தந்தியில் எழுதவே மாட்டார்கள். தூரத்தில் இருப்பவன் தாங்கமாட்டானாம், அதனால் 'சீரியஸ்' என்று போட்டுவிடுவார்கள். அந்த இரண்டு நாள் நப்பாசையை அவன் எப்படித் தாங்குவான் என்று ஒரு புண்ணியவானும் யோசித்ததில்லை.

எழுபத்தோராம் வருஷம் செப்டம்பரில், பிராங்பேர்ட்டில் அவன் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ரசாயனக்கூடத்துக்கு அதே தந்தி மறுபடி வந்தது. 'ஃபாதர்' இருந்த இடத்தில் 'மதர்'. கீழே அண்ணா சுந்தரராஜனின் பெயர். வெள்ளிக்கிழமை காலை. படித்த மாத்திரத்தில் அம்மா போய்விட்டாள் என்று அவன் மனசு முடிவு கட்டிவிட்டது.

பேராசிரியர் தங்கமான மனுஷர். தந்தியைப் பார்த்ததும் காரியதரிசி அம்மாளைக் கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை விமானத்தில் ஓர் இடம் சொல்லிவைத்துவிட்டார். செலவைப் பற்றி நீ கவலைப்படாதே, கிளம்பு என்றார். சாயங்காலத்துக்குள் சொல்கிறேன் என்று ரகுநாதன் வெளியே வந்தான். நேரே சேஷாத்ரியின் வீட்டுக்குப் போனான்.

சேஷாத்ரி இவனைவிட இரண்டு வயது பெரியவன், இங்கே என்ஜினீயர். எதற்கும் அவனிடம் ஓர் அபிப்பிராயம் தயாராக இருக்கும். மறுநாள் காலை அவனும் அவன் மனைவி வத்சலாவும் ரகுநாதனும் பழைய ஃபோக்ஸ்வாகனில் கிளம்புவதாக ஏற்பாடு. கொலோன், ஹைடல்பெர்க், மியூனிக், சால்ஸ்பர்க் என்று பத்து நாள். ஒரு வருஷமாக வரைபடத்தை விரித்து விரித்து மடிப்பெல்லாம் கிழிந்துபோயிருந்தது. வத்சலா புளியோதரைக்குப் புளிக்காய்ச்சல்கூடக் கிளறி வைத்துவிட்டாள்.

சேஷாத்ரி தந்தியை ஒரு தடவைதான் பார்த்தான். ரகுநாதனைக் கட்டிக்கொண்டு அவனும் அழுதான். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு கணக்குப் போட்டான். ஞாயிறு ஏறினால் பம்பாய் திங்கள், வீடு போய்ச் சேரச் செவ்வாய். அதுவரை யார் வைத்துக்கொண்டிருப்பார்கள்? கர்மம் செய்ய மூத்தவன் இருக்கிறான். போய் வெறும் சுவரைப் பார்த்துவிட்டு வருவதற்கா ஏழு கடல் தாண்டுவது என்றான். ரகுநாதனும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தான். கான்பூர் ரயிலை இன்னொரு தடவை அவனால் ஏற முடியாது.

வத்சலாவுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. காபி டம்ளரை வைத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"ரகு, எதுக்கும் ஒரு தந்தி அடிச்சுக் கேட்டுடுங்கோளேன்."

"என்னன்னு கேக்கறது மன்னி? அம்மா உயிரோட இருக்காளான்னா? அப்படி ஒரு வார்த்தையை அண்ணாவுக்கு எப்படி எழுதுவேன்?"

ஊரில் அண்ணா வீட்டில் டெலிபோன் கிடையாது. அப்படிக் கேட்டுத் தந்தி அடிக்கிற பிள்ளை எங்கேயாவது உண்டா?

தீட்டுக்காரன் ஊர் சுற்றலாமா என்ற கேள்வியையும் அவள்தான் எழுப்பினாள். ஒற்றை அறையில் சுவரைப் பார்த்துக்கொண்டு பத்து நாள் கிடந்தால் பைத்தியம் பிடித்துவிடும், கூட இருக்கட்டும், கோயில் குளம் என்று நினைத்துக்கொள் என்று சேஷாத்ரி அவள் வாயை அடைத்தான். சனிக்கிழமை விமான நிலையத்தை ஒட்டித்தான் கார் போனது. ரகுநாதன் அந்தப் பக்கம் திரும்பவில்லை. பேராசிரியர் சொல்லிவைத்து, அவன் வேண்டாமென்று விட்ட இடம் அப்போதும் காலியாகத்தான் இருந்தது.

கொலோனில் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு துருக்கிக்காரன் கடையில் எள் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் மூவரும் ரைன் கரைக்குப் போனார்கள். கல் படியில் இறங்கித் தலையில் தண்ணீர் விட்டுக்கொண்டபோது பற்கள் கிடுகிடுத்தன. சேஷாத்ரி தனக்குத் தெரிந்த அரைகுறை மந்திரத்தைச் சொல்ல, ரகுநாதன் அம்மாவின் பெயரையும் கோத்திரத்தையும் சொல்லி எள்ளும் தண்ணீரும் இறைத்தான். நாயோடு நடந்து வந்த ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். ரகுநாதன் வாய்விட்டு அழுதான். அழுது முடித்ததும், சொல்லக்கூடாது, மனசு லேசாகிவிட்டது. செய்ய வேண்டியதைச் செய்தாயிற்று என்று இருந்தது.

அதற்கப்புறம் ஊர்கள் வந்தன. கோபுரம் ஏறினார்கள். ஹைடல்பெர்க் கோட்டையில் வீடு பெரிசு இருந்த ஒயின் பீப்பாயைப் பார்த்து, நம்ம ஊர் மொடாக்குடியனுக்குக்கூட ஒரு வருஷம் தாங்கும் என்று சேஷாத்ரி சொன்னான். மியூனிக்கில் கடிகார மண்டபத்துப் பொம்மைகள் சுற்றிச் சுற்றி ஆடியபோது ரகுநாதன் சிரித்தேவிட்டான். வத்சலா சட்டென்று திரும்பி அவனைப் பார்த்தாள், அப்புறம் பார்க்காததுபோல் இருந்துவிட்டாள். ராத்திரிகளில் அவன் நன்றாகத் தூங்கினான். அம்மாவுக்காக வருத்தப்பட்டான், சாப்பிடவும் சாப்பிட்டான். இதில் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? போனவளை நினைத்து எல்லோரும் அப்படித்தானே இருப்பார்கள்.

பத்தாம் நாள் சாயங்காலம் அவனை அவன் அறையில் கொண்டுவிட சேஷாத்ரி தம்பதியும் மாடியேறி வந்தார்கள். வீட்டுக்கார அம்மாள் ஒரு கடிதத்தையும் ஒரு தந்தியையும் கொடுத்தாள். தந்தியைத் தொடப் பயந்து ரகுநாதன் கடிதத்தைப் பிரித்தான். அண்ணாவின் முத்து முத்தான கையெழுத்து. மேலே ஞாயிற்றுக்கிழமை தேதி.

'சிரஞ்சீவி ரகுவுக்கு ஆசீர்வாதம். நீ புறப்பட்டிருந்தால் இது உன் கைக்குக் கிடைக்காது. கிடைத்தால், எந்த விமானத்தில் வருகிறாய் என்று உடனே தந்தி கொடு. டாக்டர் ஒரு வாரம் கெடு சொல்லியிருக்கிறார். அம்மாவுக்கு நினைவு தெளிவாக இருக்கிறது. இன்று காலை அரை டம்ளர் காபி சாப்பிட்டாள். நீ வருகிறாய் என்று சொன்னதிலிருந்து, இப்போது பம்பாயில் இறங்கியிருப்பானா, மெட்ராஸ் வந்திருப்பானா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.'

ஞாயிற்றுக்கிழமை காலை. அவள் அங்கே காபி குடித்துக்கொண்டிருந்தாள், இவன் இங்கே எள்ளை இறைத்துக்கொண்டிருந்தான். அடப் பாவி மனுஷா!

தந்தியை வத்சலாதான் பிரித்தாள். 'மதர் எக்ஸ்பயர்ட் ஃப்ரைடே. நீட் நாட் கம்.' பச்சையாக அப்படியே அடித்திருந்தார் அண்ணா. பள்ளிக்கூட ஹெட்மாஸ்டர், இருப்பதை இருக்கிறபடி எழுதித்தான் அவருக்குப் பழக்கம். முதல் தந்தியையும் அப்படித்தான் எழுதியிருக்கிறார். தந்தி என்றால் இப்படித்தான் என்று நினைத்தார்களே தவிர, அடித்தவர் யார் என்று மூன்று பேரில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

சேஷாத்ரி நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான்.

"டிக்கெட் கிடைக்கலைன்னு எழுதிடுடா. வேற என்ன எழுத முடியும்?"

"எழுதினா அண்ணா நம்பிடுவார், சேஷாத்ரி. அப்படியே நம்பிடுவார். ஒரு வார்த்தை திட்டக்கூட மாட்டார்."

வத்சலா கேட்கச் சொன்னேனே என்று சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம், அவனுக்கு அது தேவையாகக்கூட இருந்தது. அவள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் போய்விட்டாள்.

உண்மையை எழுத நான்கு காகிதம் கிழித்தான். 'அம்மா செத்துப்போய்விட்டாள் என்று நினைத்து ஊர் பார்க்கப் போனேன்' என்பதை எந்தப் பாஷையில் எழுதுவது? ஐந்தாவது காகிதத்தில், டிக்கெட் கிடைக்கவில்லை என்று எழுதித் தபாலில் போட்டான்.

மூன்று வாரம் கழித்து அண்ணாவின் பதில் வந்தது. டிக்கெட் கிடைக்காததற்கு நீ என்ன செய்வாய், மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே என்று எழுதியிருந்தார். 'உன் தந்தி வரும் வரும் என்று பார்த்தேன். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அம்மா மறுபடி கேட்டபோது வேறு வழி தெரியாமல், ரகுவுக்கு டிக்கெட் கிடைக்கவில்லையாம் என்று ஒரு பொய் சொன்னேன். உன் கடிதம் பார்த்த பிறகுதான் அது பொய் இல்லை என்று தெரிந்து மனசு ஆறியது. குழந்தை டிக்கெட்டுக்கு எங்கெல்லாம் அலையறானோ என்றாள் அம்மா. அதுதான் கடைசியாகப் பேசியது.'

அந்த வெள்ளிக்கிழமை காலை ரகுநாதன் சால்ஸ்பர்க்கில், மலைக்கோட்டைக்கு ஏறும் சின்ன ரயிலுக்கு மூன்று டிக்கெட் வாங்க வரிசையில் நின்றுகொண்டிருந்தான்.