பெத்-ரிம்மோன் வாசலின் கழிப்பறைக் கல்

பெத்-ரிம்மோன் ஊர் வாசலில் அரசாங்கம் போட்ட கழிப்பறைக் கல்லில் இருபத்தேழு வருஷமாக ஒருவரும் ஒரு சொட்டுக்கூடக் கழித்ததில்லை. உட்காராமல் இல்லை. உட்கார்ந்த ஆண்பிள்ளைகள் எல்லாரும் தூங்கிப்போனார்கள். வாயைத் திறந்துகொண்டு, தாய்மடியில் கிடக்கும் குழந்தை மாதிரி, ஒரு சாடி ஒலிவ எண்ணெய் சொட்டுச் சொட்டாக வடிந்து தீரும் நேரம்.

எருசலேமில் இருக்கும் ஒரே ஆலயத்தில்தான் கும்பிட வேண்டும், ஊர் ஊராக இருக்கும் மேடைகளும் சிலைகளும் ஒழிய வேண்டும் என்று ராஜா கட்டளையிட்ட வருஷத்தில் அந்தக் கல் வந்தது. கொண்டுவந்தவர் பெதாயா என்ற அதிகாரி. கூட வந்த சிப்பாய்கள் நாற்பது பேர் என்று சொல்வார்கள். கிளம்பிய புழுதியைப் பார்த்தால் நாலாயிரத்துக்குக் குறையாது. அவருடைய கழுதை ஓய்வுநாளில் கத்தாது, அவ்வளவு பக்தி. ஊர் வாசல் கட்டடத்தின் இடதுகை அறைதான் எங்கள் கோயில். அங்கிருந்த பலிபீடத்தின் நாலு மூலையிலும் நீட்டிக்கொண்டிருந்த கல் கொம்புகளைச் சிப்பாய்கள் வெட்டிய அன்று, மலையில் மேய்ந்த ஆடுகள் தங்கள் கொம்பு இருக்கிறதா என்று ஒன்றின் தலையை ஒன்று பார்த்துக்கொண்டன. பிறகு வீடு வீடாகப் போய் மண் தாய்களைப் பிடுங்கினார்கள். சாண் உயரம், தூண் போன்ற உடம்பு, இரண்டு கைகளாலும் மார்பைத் தாங்கி நிற்பவள். அவள் இல்லாத வீடு ஊரில் இல்லை.

திராட்சைத் தோட்டக்காரன் ஓனாமின் மனைவி அசுபாள் மட்டும் கொடுக்க மறுத்தாள். அவள் மூன்று பிள்ளை பெற்றவள். மூன்றும் ஒருமுறைகூட அழாமல் மண்ணுக்குள் போயின. நாலாவது வயிற்றில் இருந்தது.

“அதைக் குடுத்துரும்மா. அது வெறும் களிமண்ணு” என்றார் பெதாயா.

“வெறும் களிமண்ணுக்கா நாப்பது பேரும் கோடாலியுமா வந்திருக்கீங்க?”

“கர்த்தர் ஒருத்தர் போதாதா உனக்கு?”

“அவர்மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல, எஜமான். மழைக்கு அவர்தான், சண்டைக்கும் அவர்தான். பேறு நேரத்துல இடுப்பைப் பிடிக்க ஒரு பொம்பளை வேணும். உங்க ஆலயத்துல யாராவது இருந்தா அனுப்பி வைங்க.”

சிப்பாய்கள் அவளுடையதையும் பிடுங்கி உடைத்தார்கள். ஊர்த் தாய்கள் எல்லாருடைய சில்லுகளையும் கோயில் அறையில் தோண்டிய குழியில் கொட்டி, அதன்மேல் கல்லைப் பதித்தார்கள். நடுவில் துளையும் முன்பக்கம் பிளவும் உள்ள சதுரக் கல். இனி அந்த இடத்தில் யார் கும்பிடுவார்கள்?

ஆனால் பெதாயா சட்டம் படித்தவர். கல்லைப் போட்டால் மட்டும் இடம் தீட்டாகாது, உண்மையாகவே அசுத்தம் படவேண்டும், அப்போதுதான் அதன் புனிதம் போகும் என்று அவருக்குத் தெரியும். கோதுமை அறுவடை முடிவதற்குள் ‘தீட்டாயிற்று’ என்று முத்திரை வைத்த கடிதம் போகாவிட்டால் அவர் பதவி போகும். முதல் சிப்பாயை உட்கார வைத்தார். முகத்தில் வெட்டுத்தழும்பு உள்ள முரடன். அவன் உட்கார்ந்ததும் கட்டைவிரலை வாயில் வைத்துக்கொண்டு தூங்கிவிட்டான். எழுந்து, அம்மா எங்கே என்று கேட்டான். மற்ற முப்பத்தொன்பது பேரும் அப்படியே. பெதாயா தானே ஒரு குண்டான் பயற்றங்கூழும் பன்னிரண்டு அத்திப்பழ அடையும் தின்றுவிட்டு உட்கார்ந்தார். காலைப் பலி நேரத்தில் கண்ணை மூடியவர் மாலைப் பலி நேரத்தில்தான் திறந்தார். வயிறு அசையவில்லை. கடைசியில், வீட்டுக்கு ஒருவர் வந்து உட்கார வேண்டும் என்று ஊருக்கே ஒரு சுருளில் கட்டளை எழுதிப் போட்டார். மூப்பர் சிம்ரான் உட்கார்ந்து மூன்று நாள் தூங்கினார். எழுந்தபோது அவர் பொக்கைவாயில் இரண்டு பால்பல் முளைத்திருந்தன.

ஓனாமின் வீட்டு முறை அறுவடையின் கடைசி நாள் உச்சிவேளையில் வந்தது. ஓனாம் புறப்பட்டான். அசுபாள் அவனை விலக்கிவிட்டு, இடுப்பைப் பிடித்தபடி தானே நடந்தாள். வலி விடியற்காலையிலேயே கண்டிருந்தது. பின்னால் வந்தாள் மருத்துவச்சி ஒக்லாள். பிள்ளை பெறுகிறவள் குந்துவதற்கான இரண்டு கற்களை நாற்பது வருஷமாக வீடு வீடாகத் தோளில் சுமப்பவள். அறைக்குள் இருந்த கல்லைப் பார்த்ததும், தன் சுமையைப் பெதாயாவின் கால் பக்கம் போட்டாள்.

“அடியே, நான் ரெண்டு கல்லைத் தூக்கி முதுகு ஒடிஞ்சேன். ராஜா ஒரே கல்லுல செதுக்கி, துளையும் போட்டு அனுப்பியிருக்காருடி. மகராசன்.”

அசுபாள் உட்கார்ந்தாள்.

“எந்திரிம்மா. இது அதுக்கான இடமில்ல” என்றார் பெதாயா.

“வீட்டுக்கு ஒருத்தர் வந்து உக்காரணும்னு சொன்னது நீங்க. உக்காந்துட்டேன். எந்திரிக்கணும்னு அந்தச் சுருள்ல எங்க எழுதியிருக்கு, வாசிங்க பாப்போம்.”

பெதாயா சுருளை மேலிருந்து கீழாக இரண்டுமுறை வாசித்தார். இல்லை. இழுத்துப் போடுங்கள் என்று சிப்பாய்களைப் பார்த்தார். அந்தக் கல்லில் தூங்கி எழுந்திருந்த நாற்பது பேரும் கதவு நிலைக்கு வந்தார்கள், அசுபாளுக்கு முதுகைக் காட்டி வரிசையாக நின்றார்கள், கேடயங்களைத் தூக்கி அறையை மறைத்தார்கள். தழும்புக்காரன் அதிகாரியிடம், “வெயிலா இருக்கு, அந்தப் பக்கம் நிழல்ல போய் நில்லுங்க எஜமான்” என்றான்.

அந்தக் கல்லில் உட்கார்ந்தும் தூங்காத முதல் ஆள் அசுபாள்தான். கல் அடுப்பிலிருந்து எடுத்த அப்பம் போலச் சுட்டது. கீழேயிருந்து இரண்டு கைகள் வந்து இடுப்பைத் தாங்கின. கை நிறைய விரிசல். ஒட்டவைத்த பானை மாதிரி சொரசொரப்பு. ஒக்லாளின் கைகள் முன்னால் இருந்தன, ஆகவே அவை அவளுடையவை அல்ல. பெண் குழந்தை விழுந்தது. விழுந்ததும் தன் பங்குக்கும், அழாமல் போன மூன்று பேர் பங்குக்கும் சேர்த்து அழுதது. மாதுளை மரங்கள் அத்தனையும் பூ உதிர்த்தன. கேடயங்கள் தாமாக ஒலித்தன. குழந்தையின் முதுகில் சிவப்பு மண்ணில் பத்து விரல் தடம் இருந்தது. இன்றுவரை எந்தத் தண்ணீருக்கும் போகவில்லை.

பெதாயா நிழலில் உட்கார்ந்து தலையில் கை வைத்திருந்தார். ஒக்லாள் கையைத் துடைத்தபடி வந்தாள்.

“ஏன் எஜமான் மூஞ்சி தொங்குது? பிள்ளை பெத்தா எத்தனை நாள் தீட்டு? உங்க சட்டம்தானே.”

“ஆணுன்னா ஒரு வாரம்” என்றவர் கொஞ்சம் நிமிர்ந்தார். “பொண்ணுன்னா ரெண்டு.”

“அப்ப ரெட்டைத் தீட்டு. கழிப்பறைக்கு இவ்வளவு உண்டா? எழுதுங்க.”

‘பெத்-ரிம்மோன் வாசல் தீட்டாயிற்று. இனியும் ஆகிக்கொண்டே இருக்கும்’ என்று அவர் எழுதி முத்திரை வைத்தார். நல்ல வேலை என்று தலைநகரம் பதில் எழுதியது. பிள்ளை பெற மறுமாதம் ஏழு பேர், அடுத்த வருஷம் பக்கத்து மலை ஊர்க்காரிகள், அதற்கடுத்த வருஷம் யோர்தானுக்கு அப்பாலிருந்தும் ஒட்டகத்தில் வந்தார்கள். இதுவரை நாலாயிரத்துப் பன்னிரண்டு பிள்ளைகள். அழாத பிள்ளை ஒன்றுகூட இல்லை. சோதிக்க வந்த மூன்று அதிகாரிகளும் முறைப்படி உட்கார்ந்து தூங்கி, பால்பல்லோடு ஊர் திரும்பினார்கள். யாதொரு சிலையும் காணப்படவில்லை என்று மூவரும் எழுதினார்கள். அது உண்மை.

பதினொன்றாம் வருஷம் பெதாயா மறுபடி வந்தார். இந்த முறை கழுதைமேல் அவருடைய மகள், நிறைமாதம். காற்று மாற வந்தோம் என்றார். அசுபாள்தான் அந்தப் பெண்ணைக் கைத்தாங்கலாக இறக்கி உள்ளே கூட்டிப்போனாள். ஓய்வுநாளாக இருந்தும், குழந்தை அழுத சத்தம் கேட்டுக் கழுதை வாய்விட்டுக் கத்தியது. பெதாயா அதை அதட்டவில்லை.

அரசாங்கப் பதிவில் அது இன்றும் கழிப்பறைதான். வழிப்போக்கர் யாராவது அவசரமாக வந்து கேட்டால், ஊர்க்காரர்கள் மதிலுக்கு வெளியே இருக்கும் முட்புதரைக் காட்டுகிறார்கள்.