மணியின் நாக்கு

கடற்கரை ரோட்டில் இருக்கிற அந்தப் பெரிய ஓட்டலின் முன்வாசலில் ஒரு வெண்கல மணி தொங்குகிறது. விருந்தினர் யார் வந்தாலும் அதை மூன்று முறை அடிப்பார்கள். மந்திரி வந்தாலும் மூன்று, கைக்குழந்தை வந்தாலும் மூன்று. நூறு வருஷத்துக்கு மேலாக நடக்கும் வழக்கம் என்று வரவேற்பறையில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள்.

ஆரோக்கியசெல்வி அந்த மணியைப் பதினோரு வருஷமாகக் கேட்கிறாள். அடிப்பதைப் பார்த்ததில்லை. அவள் அறைகளைச் சுத்தம் செய்கிறவள். கரிக்கலாம்பாக்கத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, பக்கத்து கேட்டில் பையைத் திறந்து காட்டிவிட்டு, பின்பக்கப் படியில் ஏறுவாள். சாயங்காலம் அதே வழியில் இறங்குவாள். மணி அடிக்கும் நேரத்தில் ஏதாவது ஓர் அறையில் மெத்தை விரிப்பை இழுத்துச் செருகிக்கொண்டிருப்பாள். யாரோ வந்துவிட்டார்கள் என்று கை தானாக வேகம் பிடிக்கும்.

இந்த வருஷம் சிறந்த ஊழியர் பரிசு அவளுக்குக் கிடைத்தது. கடலைப் பார்த்த அறையில் இரண்டு பேர் ஒரு நாள் தங்கலாம். இரவுச் சாப்பாடும் காலைப் பலகாரமும் உண்டு. ஓர் ஊழியருக்கு இந்தப் பரிசு ஒரு முறைதான். 'எங்கள் மதிப்பிற்குரிய விருந்தினராக' என்று கடிதத்தில் இருந்தது. அந்த வரியை பஸ்ஸில் நான்கு தடவை படித்தாள்.

கழுவுற கக்கூஸுக்குப் பக்கத்துலயே படுக்கச் சொல்றாங்களா என்று அவள் புருஷன் அன்புராஜ் சிரித்தான். அவள் கூட்டிப்போக நினைத்தது அவனை இல்லை.

அம்மா ராமாயி பாகூர் ஏரிப் பாசனத்தில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவள். பிள்ளை தங்காமல், வேளாங்கண்ணிக்கு வேண்டிக்கொண்டு பெற்ற மகளுக்கு மாதாவின் பெயரையே வைத்தாள். நிலத்துக்காரர் வீட்டுக்கு எதற்குப் போனாலும் கொல்லைப்பக்கமாகப் போய்த்தான் நிற்பாள். கதிரடிக்கும் மிஷினுக்குப் பக்கத்தில் நின்று வருஷக்கணக்கில் கட்டு தூக்கிக் கொடுத்ததில் காது மந்தமாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் காது மிஷின் சும்மாவே தருகிறோம் என்றார்கள். வேண்டாம் என்றுவிட்டாள்.

"இனிமே எவன் இன்னா நல்ல வார்த்த பேசப்போறான், மாட்டிக்கினு கேக்கறதுக்கு?"

அந்த அம்மா ஒரு தடவை முன்வாசல் வழியாக உள்ளே போக வேண்டும். அவளுக்காக அந்த மணி அடிக்க வேண்டும். செல்விக்கு அதுதான் வேண்டியிருந்தது. அறையும் சாப்பாடும் அப்புறம்.

விஷயத்தைக் காதருகில் குனிந்து சொன்னபோது ராமாயி நம்பவில்லை.

"எனக்கா அடிப்பாங்க?"

"உனக்குத்தான். கணீர்னு இருக்கும், உனக்கே கேக்கும் பாரு."

கிளம்புகிற அன்றைக்கு ராமாயி பச்சைப் புடவை கட்டிக்கொண்டாள். மகள் வாங்கித் தந்த புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டாள். முன் கேட்டில் காவலாளி செல்வியை அடையாளம் கண்டு, வழக்கம்போலப் பக்கத்து கேட்டைக் காட்டினான். அவள் கடிதத்தைக் காட்டினாள். அவன் உள்ளே போன் செய்தான். கல்யாண கோஷ்டி ஒன்று வந்துகொண்டிருக்கிறதாம், கார்கள் போய் முடியட்டும் என்றார்களாம். இருவரும் பூவரச மரத்தடியில் நின்றார்கள். ஒரு மணி நேரம் ஆனது.

கார்கள் வரிசையாகப் போயின. தூரத்தில் வெள்ளைத் தூண்களும், அவற்றுக்கு நடுவே தலைப்பாகை கட்டிய சாமிக்கண்ணுவும் தெரிந்தார்கள். மணி அடிப்பது அவர் வேலை. மடுகரைக்காரர். ஒவ்வொரு காருக்கும் அவர் கை கயிற்றை மூன்று முறை இழுத்தது.

"இப்ப அடிக்கிதா?" என்று ராமாயி கேட்டாள்.

"அடிக்கிதும்மா."

"கிட்டப் போனா கேக்கும்" என்று அவளே சொல்லிக்கொண்டாள்.

கடைசி கார் போன பிறகு கூப்பிட்டார்கள். வரவேற்பு மேனேஜர் அர்ச்சனா வாசலுக்கே வந்திருந்தாள். சின்ன வயசு, பேச்சு மெதுவாக இருக்கும். வாங்கம்மா என்று ராமாயியைக் கும்பிட்டு, சந்தன மாலை போட்டு, வெள்ளி டம்ளரில் இளநீர் கொடுத்தாள். எதிலும் குறையில்லை. ராமாயி பளிங்குப் படியைப் பார்த்தாள். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். போட்டுக்கம்மா என்று செல்வி சொன்னது கேட்கவில்லையா, கேட்காத மாதிரி இருந்தாளா தெரியவில்லை. போட்டோ எடுக்க வந்தவன் செருப்பை வாங்கி ஓரமாக வைத்தான். வெறுங்கால் இருக்கட்டும், படத்துக்கு நல்லா இருக்கு என்றான்.

சாமிக்கண்ணு கயிற்றைப் பிடித்தார். அர்ச்சனா ஒரு விரலை உயர்த்தி அவரை நிறுத்தினாள். கல்யாணக்காரர்கள் இப்போதுதான் மேலே படுக்கப் போயிருக்கிறார்கள், மணி அடித்தால் யாரோ வந்துவிட்டார்கள் என்று உள்ளேயிருந்து ஆறு பேர் ஓடி வருவார்கள், போட்டோவுக்குக் கயிற்றைப் பிடித்தாலே போதும் என்றாள்.

செல்வி அந்த ஓட்டலில் யாரிடமும் எதிர்த்துப் பேசியதில்லை.

"லெட்டர்ல விருந்தினர்னு போட்டிருக்கு, மேடம்" என்றாள். குரல் அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை.

அர்ச்சனா அவள் தோளில் கை வைத்தாள். அந்தச் சிரிப்பில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை.

"நீங்க நம்ம குடும்பம், செல்வி. சொந்த வீட்டு ஆளுங்களுக்கு யாராவது மணி அடிப்பாங்களா?"

சாமிக்கண்ணு ஒரு கையை மணிக்குள் விட்டு அதன் நாக்கைப் பிடித்துக்கொண்டார். இன்னொரு கையால் கயிற்றை இழுத்தார். மணி ஆடியது. ராமாயிக்கு அவர் கை தெரியவில்லை. அவள் ஆடுகிற மணியைப் பார்த்துக் கும்பிட்டாள். போட்டோக்காரன் இங்கே பாருங்க என்றான்.

உள்ளே கண்ணாடி விளக்குகளும், தேக்கு மாடிப்படியும், முகம் தெரிகிற தரையும் இருந்தன. அந்தத் தேக்குக் கைப்பிடியை ஆயிரம் தடவை துடைத்திருக்கிறாள் செல்வி. இப்போது அதைப் பிடித்துக்கொண்டு ஏறக் கூச்சமாக இருந்தது. அறைக்குள் வந்ததும் விரிப்பின் ஒரு மூலை சரியாக மடியாமல் இருப்பது கண்ணில் பட்டது. குனிந்து சரிசெய்தாள்.

ராமாயி கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். மாலையைக் கழற்றவில்லை.

"அடிச்சாங்களாடி?"

செல்வி ஜன்னல் திரையை விலக்கினாள். கடல் நிறைய இருந்தது. அடிக்கவில்லை என்று சொன்னால் அம்மாவின் காது மேல் பழி இல்லை. ஆனால் அப்புறம் அம்மா இந்தக் கட்டிலில் உட்கார மாட்டாள்.

"அடிச்சாங்கம்மா. மூணு தடவ."

ராமாயி வலது காதைத் தேய்த்தாள். இடது காதைத் தேய்த்தாள்.

"கிட்டக்க நின்னும் கேக்கல பாரு. ஒண்ணு கூட கேக்கல."

இரவுச் சாப்பாடு பன்னிரண்டு கிண்ணங்களில் வந்தது. ராமாயி தயிர்சாதம் மட்டும் சாப்பிட்டாள். அந்த வெண்கலம் எவ்வளவு கனமோ, அதுக்கே இந்தக் காது அசையல என்று நடுவில் ஒரு தடவை சொன்னாள்.

காலையில் இறங்கியபோது சாமிக்கண்ணு படியோரம் நின்றிருந்தார். செல்வியின் முகத்தைப் பார்க்காமல், "எனக்கும் வேல வேணுமேம்மா" என்றார். அவள் தலையாட்டினாள். கேட்டுக்குப் பாதி வழி நடந்திருப்பார்கள், ஒரு வெள்ளைக் கார் அவர்களைத் தாண்டி உள்ளே போனது. பின்னால் மணி அடித்தது. ஒன்று, இரண்டு, மூன்று. ராமாயி திரும்பவில்லை. புதுச் செருப்பு கடிப்பதாகச் சொல்லிக்கொண்டு நடந்தாள்.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தது. கரிக்கலாம்பாக்கம் நெருங்கும்போது, நேற்றுவரை நெல் நின்ற நிலங்களில் மனை பிரித்த வெள்ளைக் கற்கள் வரிசையாக வந்தன. ராமாயி மகளின் கையைத் தட்டினாள்.

"அந்தக் காது மிஷினு குடுக்கறேன்னாங்களே. இன்னும் குடுப்பாங்களா?"

"எதுக்கும்மா இப்ப?"

"அடுத்த தடவ உன்கூட வரும்போது மாட்டிக்கினு வரேன். இந்தத் தடவ எனக்கு அடிச்சது வீணாப் போச்சு."

செல்வி வெளியே பார்த்தாள். செவ்வாய்க்கிழமை லீவு சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன் என்றாள். ராமாயிக்குக் கேட்கவில்லை. பஸ்ஸில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி, அவள் அதை இன்னொரு முறை சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது.